தடை கப்பலுக்குத்தான்

நன்னிலம் பக்கத்தில் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் கலைமகளுக்குத்தான் போன் வரும். பெண்களைச் சேர்த்துக்கொண்டு விடியும்போதே வயலில் நிற்பாள். அவள் கணவன் ராஜராஜன் எண்ணெய்க் கப்பலில் சமையல்காரன்.

போன ஆடியில் அந்தக் கப்பல் ஓர் அந்நியத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. அதற்குப் பிறகு நகரவேயில்லை.

"எங்க கப்பலை அமெரிக்காக்காரன் தடைப் பட்டியல்ல போட்டுட்டான் கலை" என்றான் ராஜராஜன் போனில். "நடுக்கடல்ல வேற கப்பல்லேருந்து ஏத்துன எண்ணெய் ஈரானோடதாம். எங்க யாருக்கும் தெரியாது."

"ஈரான் மேல கோவம்னா, கப்பல் என்னங்க பண்ணுச்சு?"

"எண்ணெய்க் காசு போகலேன்னா ஈரான் பணிஞ்சு வரும்னு நினைக்கிறாங்க. அதான் சுமக்குற கப்பலையெல்லாம் முடக்குறாங்க."

முடக்கம் முழுசாக இருந்தது. எந்த வங்கியும் கப்பலோடு வரவுசெலவு வைக்கவில்லை. காப்பீடு போயிற்று. டீசல் விற்க ஆளில்லை. உரிமையாளர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஆளில்லாத கப்பலைத் தன் கடலில் நிறுத்த முடியாது என்று துறைமுகம் பதினான்கு மாலுமிகளையும் கரையேற விடவில்லை. இரும்புத் தரை கொதிக்கும் அந்தக் கப்பலில் ராஜராஜன் அரிசியை அளந்து அளந்து சமைத்தான்.

கலைமகள் பக்கத்துத் தெரு ஜஸீலாவைத் தேடிப் போனாள். ஜஸீலா பம்பாயில் வளர்ந்தவள். இந்தி சரளமாகப் பேசுவாள். இருவரும் கான்பூர், விசாகப்பட்டினம், கொல்லம் என்று மாலுமிகளின் வீடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்தார்கள். சென்னையில் மாலுமிகள் சங்கத்து வக்கீல் அனுராதா வழக்கை எடுத்துக்கொண்டார்.

"தடை கப்பலுக்குத்தாங்க, ஆளுங்களுக்கு இல்ல" என்றார் அனுராதா. "அந்த ஊர் கோர்ட்டுலயே கேப்போம். எல்லாரும் ஒண்ணா நின்னா ஜெயிக்கலாம்."

புரட்டாசியில் உரிமையாளரின் ஏஜென்ட் கப்பலுக்கே பேசினான். ரகசியமாக டீசல் கொடுப்பதாகவும், கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னலை அணைத்துவிட்டு, வேறு பெயர் எழுதி, இன்னொரு கடலில் எண்ணெயை இறக்கிக் கொடுத்தால் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னான்.

"பாதிப் பேர் சரிங்கிறாங்க. எனக்கும் முடியல கலை" என்றான் ராஜராஜன்.

வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள்.

"வேணாங்க. வழியில புடிச்சா குத்தம் உங்க தலையில விழும். இப்ப உங்க பேர்ல ஒரு கறையும் இல்ல. நீங்க அங்க பேசுங்க, நான் வீடுகள்ல பேசுறேன்."

கான்பூரில் ஒரு தாய் மட்டும் மசியவில்லை. எப்படியாவது என் பிள்ளை வந்தால் போதும் என்று அழுதார். மொழிபெயர்க்க வந்த ஜஸீலாவும் சேர்ந்து அழுதாள். கலைமகள் அவர் அழுது முடியும்வரை காத்திருந்தாள்.

"அந்தம்மாகிட்ட சொல்லு. புள்ள வீட்டுக்குத்தான் வரணும், ஜெயிலுக்கு இல்ல."

ஜஸீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் போனில் இந்தியில் சொன்னாள். அந்தத் தாய் கடைசியில் சரியென்றார்: "டீக் ஹை."

அன்று மாலைக்குள் எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே பதில் கப்பலுக்குப் போனது. கப்பல் அசையவில்லை.

ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. தடை கப்பலின் மீதுதான், மனிதர்களைப் பிணையாக வைக்க அது காரணமாகாது. துறைமுகமே காவலுக்கு ஆள் போட்டு மாலுமிகளை அனுப்ப வேண்டும் என்றார் நீதிபதி. அனுராதா போனில் படித்துக் காட்டியபோது கலைமகள் முழங்கால் சேற்றில் நின்றிருந்தாள். "இன்னொரு தடவை படிங்க மேடம்" என்றாள்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து அவளும் ஜஸீலாவும் அவனை வேனில் அழைத்து வந்தார்கள். பாதி உடம்பாக இளைத்திருந்தான். ஊர் எல்லையில் தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. வேனைக் கண்டதும் பெண்கள் நாற்று முடியைப் போட்டுவிட்டு வரப்பேறிக் குலவையிட்டார்கள். ராஜராஜன் இறங்கிக் கும்பிட்டான். கலைமகள் அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஜஸீலா அந்தக் குலவையை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டாள். கான்பூரிலிருந்து உடனே ஒரு படம் வந்தது: மகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்க்கக்கூட மறந்த ஒரு தாய்.