ஆறு மணிக் கப்பல்

1964 நவம்பர் 18, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து வெந்நீர் வைத்தேன். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, ராகிக் கஞ்சி புகட்டினேன். வாதத்தில் அவருக்கு இடப்பக்கம் விழுந்தது முதல் இதுதான் காலை வேலை. மனைவி இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். எட்டரை மணிக்கு, வீட்டை ஒட்டியிருந்த பனியன் கம்பெனிக்குப் போய் நூல் மூட்டைகளின் எடையைச் சரிபார்த்தேன். மதியம் வந்து அவருக்குச் சோறூட்டிவிட்டுத் திரும்பினேன்.

அன்று மாலை முதலாளி என்னை நிறுத்திக் கேட்டார். பம்பாயில் ஒரு கிளை திறக்கிறார். பொறுப்புக்கு நான் வேண்டுமாம்.

"நாளைக்குச் சொல்லீருங்க. அப்பறம் ஆறு மணியாகப் போகுதுங்களே, உங்க தம்பி கப்பல் வர்ற நேரம். மிசின நிறுத்தச் சொல்லீரட்டுங்களா?"

இது அவருடைய வழக்கமான கேலி. ஆனால் நிறுத்திவிடுவார். நிட்டிங் மிசின் மோட்டார்கள் ஓடினால் என் ரேடியோவில் இரைச்சல் மட்டும்தான் வரும். ஆறு மணிக்கு ஆட்களை டீ குடிக்க அனுப்பும் வழக்கம் எனக்காக ஏற்பட்டது.

தம்பி சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். அவனோடு படித்த தூத்துக்குடி நண்பன் இன்னொரு கப்பலில் இருந்தான். இரண்டு கப்பலும் அரபிக்கடலில் இருக்கும் நாட்களில் ஆறு மணிக்கு இருவரும் கொஞ்சநேரம் பேசிக்கொள்வார்கள். விடுப்பில் வந்தபோது, சிற்றலையில் முள் நிற்க வேண்டிய இடத்தில் தம்பி சிவப்பு மையால் புள்ளி வைத்துத் தந்திருந்தான். அப்பாவுக்குக் குரலாவது கேட்கட்டும் என்றான். தை மாதம் கப்பல் வேலையை விட்டுவிட்டுக் கொச்சியில் கரை வேலை பார்த்து, அப்பாவைத் தன்னோடு அழைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தான். பம்பாய் என்ற பேச்சு வந்ததும் எனக்கு அந்தத் தைதான் நினைவுக்கு வந்தது. முதலாளியிடம் அப்போதே சரியென்று சொல்லியிருப்பேன். எதையும் ஒரு இரவு தள்ளிப்போட்டுச் சொல்வது என் வழக்கம்.

மோட்டார்கள் அடங்கின. வீட்டுக்கு வந்து, அப்பாவின் கட்டிலருகே ஸ்டூலில் இருந்த ரேடியோவைத் திருகினேன். சீழ்க்கைபோல ஒரு சத்தம் தேய்ந்து, நண்பனின் குரல் தெளிந்தது.

"எலே, ஊருக்கு எப்பம் போற? ஓவர்."

"போகலடா. அடுத்த ரெண்டு வருசத்துக்கும் இதே கம்பெனியில கையெழுத்துப் போட்டுட்டேன். ஓவர்."

"அப்பாவுக்கு முடியலன்னியே?"

"அதான் அண்ணன் இருக்காருல்ல. அவரு எங்கடா போகப் போறாரு? பக்கத்துல அவிநாசி போறதுக்கே ரெண்டு நாளைக்கு முன்னாடி கொடையத் தேடி எடுத்து வெப்பாரு."

நண்பன் சிரித்தான். தம்பியும் சிரித்தான். கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை. என்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கையைத்தான் சொன்னான். குடை விஷயமும் உண்மைதான்.

"நான் பம்பாய்க்குப் போறேன்டா," என்றேன். ரேடியோவைப் பார்த்து, உரக்கவே சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குக் காது மந்தம். பேச்சு பிடிபடாது, குரலை மட்டும் அடையாளம் கண்டுகொள்வார். இப்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தார்.

"பேசு, பேசு. சாப்பிட்டானான்னு கேளு," என்று குழறினார்.

காதருகே குனிந்தேன். "நம்ம பேசறது அங்க கேக்காதுங்கப்பா."

"பின்ன எதுக்குப்பா பேசறே?"

அதற்குள் அவர்கள் விடைபெற்றுக்கொண்டு போய்விட்டார்கள். மிசின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. ரேடியோ கரகரத்தது, அணைத்தேன்.

"எப்ப வர்றானாம்?"

"செரியாக் கேக்கலீங்கப்பா. குரல் நல்லாருந்துச்சு."

"ஆமா, சளி ஒண்ணுமில்ல," என்று திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பிக்கு எழுதிக் கேட்கலாம், ஆள் வைத்துப் பார்க்கலாம் என்றெல்லாம் படுத்துக்கொண்டே யோசித்தேன். அவரைப் புரட்டிவிடும் ஆளை எண்ணியபோது, ஒவ்வொரு முறையும் என் கையே தெரிந்தது.

வியாழக்கிழமை காலை, வெந்நீர்கூட வைக்காமல், முதலில் கம்பெனிக்குப் போனேன். முதலாளி கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, பம்பாய்க்கு மூட்டை கட்டியாச்சுங்களா?"

"இல்லீங்க. வேற ஆளப் பாத்துக்குங்க," என்றேன்.