முதல் பெயர், கடைசிப் பெயர்

என் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் தோற்று, மறுபடி எழுதித் தேறியவள். இன்ஹேலரும் கையுமாக நர்சிங் படித்தவள். முதன்முதலில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அதே வார்டுக்குத் திரும்பிப் போனவள். சொந்த மாநிலத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல், முதல் லைசென்ஸையே வேறு மாநிலத்தில் வாங்கியவள். இத்தனைக்கும் சின்ன வயதில் ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். அதனாலேயே வீட்டில் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர் நிலைத்தது. எட்டாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்த நான்தான் நிஜமான ஊசிக்காரி.

படிப்பு முடிந்ததும் பக்கத்து மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்தது. லைசென்ஸ் வரும்வரை வார்டில் உதவியாளர் வேலை. ஜூன் மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். லைசென்ஸ் தேர்வு எழுதினாள், முடிவும் வந்தது. ஆனால் தேர்வில் தேறியிருந்தவர் எங்கள் அப்பா.

நடந்தது இதுதான். விண்ணப்பத்தில் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல் முன்னால்தானே வரும் என்று, முதல் கட்டத்தில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதி, அடுத்ததில் தன் பெயரை எழுதிவிட்டாள். கல்லூரிச் சான்றிதழிலோ ஒற்றை எழுத்தும் அவள் பெயரும் மட்டும். லைசென்ஸ் அலுவலகத்தின் கண்ணுக்கு இரண்டும் இரண்டு ஆட்கள்.

அப்பா பஸ் டிரைவர். போனில் இதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நான் பாஸாயிட்டேனா? நாளைக்கே ஸ்டியரிங்கை விட்டுட்டு ஊசி போட வந்துடறேன்டி!”

“சிரிக்காதீங்கப்பா. எனக்கு இங்க அழுகையா வருது.”

அழுதுகொண்டு உட்காரவில்லை அவள். லீவு போட்டு அந்த அலுவலகத்துக்கே போனாள். கவுன்டரில் இருந்தவர் சுலபமான வழி ஒன்று சொன்னார்: ஒற்றை எழுத்தை எடுத்துவிட்டு, தன் பெயரை மட்டும் வைத்துத் திருத்தம் எழுதிக் கொடுத்தால் அந்த வாரமே லைசென்ஸ். எழுத்தும் வேண்டுமென்றால் கல்லூரியே நேரடியாக உறுதி செய்ய வேண்டும், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நானும் அப்பாவும் கேட்டோம்.

“விட்டுத் தொலைம்மா,” என்றார் அப்பா. “எழுத்து போனா நானா போயிடப் போறேன்?”

“ஃபெயிலானது இந்தப் பேர்ல. மயங்கி விழுந்தது இந்தப் பேர்ல. லைசென்ஸ் மட்டும் பாதிப் பேர்லயா? வேணாம்ப்பா.”

“வேலை போயிடுச்சுன்னா?” என்றேன் நான்.

“வேற தேடிக்கறேன்க்கா.”

“ஊசிக்கு உடம்பெல்லாம் திமிரு,” என்றார் அப்பா. திட்டுகிற ஆளின் முகமா அது? பல்லெல்லாம் தெரிந்தது.

அதன்பிறகு கல்லூரி அலுவலகத்துக்கு விடாமல் போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டாலே, “அப்பா பேர்ல பாஸான பொண்ணா?” என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. வார்டில் ரத்த அழுத்தம் பார்ப்பது அவள், சார்ட்டில் கையெழுத்துப் போடுவது தலைமை நர்ஸ். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மாதம் முடியப் போகிற நேரத்தில் கல்லூரியின் உறுதிக் கடிதம் போய்ச் சேர்ந்தது, பின்னாலேயே லைசென்ஸும் வந்தது. மறுநாள் காலை ஒரு நோயாளிக்கு அவள் ஊசி போட்டு முடித்ததும், தலைமை நர்ஸ் சார்ட்டை அவள் பக்கம் தள்ளினாராம்.

“இனிமேலும் உன் வேலைக்கு நானா கையெழுத்துப் போடணும்? பிடி பேனாவை.”

அந்தக் கையெழுத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். “பேஷன்ட் சார்ட்டையெல்லாம் வெளிய அனுப்பக் கூடாதுக்கா,” என்று எனக்கே பாடம் எடுத்தாள். பிறகு வெள்ளைத்தாளில் அதே மாதிரி போட்டு அனுப்பினாள். அதைப் பிரின்ட் எடுத்து மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். முதலில் அப்பாவின் எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் அவள் பெயர். அதற்குக் கீழே தேதி: 28.6.2019.