மயில் கொத்திய கதவு

எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்குக் கம்ப்ரஸர் வைத்துப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து தெரு முழுக்கக் கனிந்து கறுத்துப்போன வாழைப்பழ வாசனை. பழம் எங்கும் இல்லை. பெயிண்டில் கலக்கிற தின்னருக்கு அப்படியொரு வாசனை. நீங்களாக இருந்தால் மூக்கைச் சுளித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். என்னால் அது முடியாது. எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினேன். "பெயிண்டு வாசத்துக்குப் பயப்படுற ஆம்பளைய இந்த வீட்டுலதான் பாக்குறேன்" என்றாள் மனைவி. வாசத்துக்கு இல்லை, அது ஒருமுறை கேட்ட விலைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் முதலிலிருந்து சொல்லவேண்டும். அவளுக்கு அடுப்பில் வேலை கிடந்தது. நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள், கேளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயதிருக்கும். புதுக்கோட்டையில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டினேன். ஓட்டினேன் என்பதைவிடத் துடைத்தேன் என்பதே சரி. எப்போதாவதுதான் அது வெளியே போகும், துடைப்பது தினமும். கருநீல நிறத்தில், சீமையிலிருந்து வந்த கார். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது, அரண்மனை உத்தியோகம் பார்த்த யாரோ ஒருவர் ஊரைவிட்டுப் போகிற அவசரத்தில் விற்றதை அந்த வீட்டுக்காரர் வாங்கினாராம். பிறகு அவரும் போய்ச்சேர்ந்தார். காரும் அவருடைய மனைவியும் மிஞ்சினார்கள். ஊரே அந்த அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிட்டது. நானும்.

ஆத்தாவுக்கு ஒரே மகன், மெட்ராஸில் பெரிய உத்தியோகம். எங்களுக்கெல்லாம் அவர் சின்னய்யா. வருஷத்துக்கு ஒருதரம் அப்பாவின் திதிக்கு வருவார். வந்ததும் வீட்டைச் சுற்றி நடந்து, ஜன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்து, தூசியை ஆத்தாவின் முகத்துக்கு நேரே ஊதுவார். "கார் ஒழுங்கா இருக்குற வரைக்கும் இங்க இருந்துக்கங்கம்மா. அது ஓட்ட ஒடசலாயிருச்சுன்னா மெட்ராஸ் வந்துறணும். பேச்சே கெடையாது" என்பது அவர் வைத்திருந்த நிபந்தனை. மெட்ராஸ் என்றால் மாடியில் இரண்டு அறை. அந்தப் பேச்சை எடுத்தாலே ஆத்தா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். "மேல ஒரு குடும்பம், கீழ ஒரு குடும்பம், நடுவுல நான் அலமாரில கவுத்து வச்ச சட்டி மாதிரி. வேணான்டா தம்பி" என்பார் என்னிடம்.

என் பயம் அதைவிடச் சின்னது, ஆனால் பசிக்கிற பயம். கார் போனால் கார்க் கொட்டகையை ஒட்டிய என் அறை போகும், சம்பளம் போகும். அன்னவாசலுக்கு அப்பால் பொட்டல் காட்டில் என் அம்மா, நான் அனுப்புகிற மணியார்டரைப் பார்த்துத்தான் உலை வைத்துக்கொண்டிருந்தாள். ஆக, அந்தக் காரின் பளபளப்புக்குள் இரண்டு பேர் குடியிருந்தோம்.

அதனால்தான் அப்படித் துடைத்தேன். மெழுகு பூசி, பழைய கம்பளித் துணியால் தேய்த்து, கை ஓய்ந்தால் மறுகையால் தேய்த்து. கதவைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொள்ளலாம். ஒதுக்குகிற அளவுக்கு அப்போது அங்கே ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

கிருத்திகைக்குக் கிருத்திகை ஆத்தாவுக்கு விராலிமலை. அந்த மலை முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிற வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் இருந்தவரை அவர் கையால் படைத்தது, அவருக்குப் பிறகு ஆத்தா கொண்டுபோவார். அன்றைக்கு மறந்துவிட்டார். படியேறத் தொடங்கியவர் நின்று திரும்பி, "டேய் தம்பி, சுருட்ட மறந்துட்டேன்டா, கடத்தெருவுக்கு ஓடிப்போயி வாங்கியா" என்று கையைத் தட்டினார். காரை அடிவாரத்துப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு ஓடினேன். சுருட்டோடு திரும்பும்போதே கேட்டது. டொக். டொக். யாரோ கதவைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் தகரத்தின் மேல் ஆணியை வைத்து இழுக்கிற ஓசை. பல் கூசியது.

மயில். விராலிமலையில் மயில் என்ன அதிசயமா? ஆனால் இந்த ஆண்மயில் கார்க் கதவுக்குள் இன்னொரு மயிலைப் பார்த்துவிட்டது. தன்னைப் போலவே கழுத்து, தன்னைப் போலவே கொண்டை. முறைத்தால் திருப்பி முறைக்கிறது. எந்த ஆம்பளைக்குப் பொறுக்கும்? கொத்தி, எகிறி, இரண்டு கால் நகத்தாலும் பிறாண்டி, மறுபடி எகிறி. நான் துண்டைச் சுழற்றி விரட்டுவதற்குள் ஸ்டீயரிங் பக்கத்துக் கதவை உழுதுவிட்டிருந்தது. கருநீலத்துக்கு உள்ளே வெறும் தகரம் வெளுப்பாகத் தெரிந்தது, தோலுரிந்த முழங்கால் மாதிரி. கொஞ்சம் அழுக்காக விட்டிருந்தால் அது திரும்பிக்கூடப் பார்த்திருக்காது.

ஆத்தா இறங்கி வந்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். திட்டவில்லை. முந்தானையால் கீறலை ஒருதரம் துடைத்துப் பார்த்தார், அது ஏதோ தூசி, துடைத்தால் போய்விடும் என்பதுபோல. பிறகு, "திதிக்கு இன்னும் எம்புட்டு நாளுடா கெடக்கு?" என்றார். ஒரு மாதம்கூட இல்லை. இலுப்பூர் தாண்டி, அன்னவாசல் தாண்டி, வீட்டு வாசல் வரை மெதுவாகவே ஓட்டிவந்தேன். காற்று அந்தக் கீறல்களில் விசில் அடித்துக்கொண்டே வந்ததாக எனக்குப் பட்டது. பயந்தவன் காது எதையும் கேட்கும்.

திருச்சி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் சையது பாய் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தார். பூர்வீகம் கோட்டைப்பட்டினம். வள்ளங்களுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவர், கடல் ஒத்துக்கொள்ளாமல் கரையோடு வந்துவிட்டார். வாய் மட்டும் கடற்கரையில் பேசுகிற சத்தத்திலேயே இருந்தது. காரைச் சுற்றி வந்தார்.

"மயிலா? நெசமாவா? நான் ஆடு முட்டிப் பாத்திருக்கேன், பொண்டாட்டி கல்லெறிஞ்சு பாத்திருக்கேன். மயிலு இதான் மொத தடவ."

"கதவு மட்டும் அடிச்சுக் குடுங்க பாய்" என்றேன்.

"கதவு மட்டுமா? மத்த எடமெல்லாம் பளபளங்குது, ஆனா கலரு பழசாகி வெளுத்துக் கெடக்கு தம்பி. ஒரு கதவ மட்டும் புதுசா அடிச்சா, வயசான பொம்பளைக்கு ஒத்தப் பல்லு கட்டுன மாதிரி தனியா இளிக்கும்."

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த ஆத்தா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய முன்பல் ஒன்று கட்டின பல். பாய்க்கு அது தெரியாது. சிரிப்பை அடக்கியதில் எனக்குக் காது அடைத்தது.

"முழுசும் அடிச்சா?" என்று கைக்குள்ளிருந்தே கேட்டார் ஆத்தா.

பாய் ஒரு தொகை சொன்னார். அந்தப் பணத்துக்கு அப்போது ஒரு ஜோடி உழவு மாடும் வண்டியும் வாங்கலாம். எனக்கு வந்த சிரிப்பு அப்படியே செத்தது.

"யாத்தே! சித்தன்னவாசல் குகையில தாமரைக் கொளம் வரைஞ்சவன்கூட இம்புட்டுக் கேட்டிருக்க மாட்டான்யா."

"அவனுக்குத் தின்னர் செலவு இல்ல ஆத்தா" என்றார் பாய்.

மறுநாள் கொல்லையறையிலிருந்து பித்தளை அண்டாக்கள் வெளியே வந்தன. கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டாக்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஆத்தாவுடைய அப்பாவின் பெயர் வெட்டியிருந்தது. பாத்திரக்கடைக்காரர் அவற்றை உருட்டிப் பார்த்துத் தயங்கினார். "எல்லாத்தையுமா ஆத்தா?" "இனிமே இந்த வீட்டுல யாருக்குய்யா கல்யாணம்? எனக்கா, இந்தா நிக்கிறானே இவனுக்கா?" கடைக்காரர் சிரித்தார். மாட்டு வண்டியில் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதி முழங்கிக்கொண்டே தெரு திரும்பின. ஆத்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நாள் முழுக்கப் பாய் கொட்டகையில்தான் கிடந்தேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை, பயப்படுவதைத் தவிர. காரின் விளக்கையும் கண்ணாடியையும் கழற்றி, பழைய பெயிண்டைத் தகரம் தெரியச் சுரண்டி, உடம்பெல்லாம் சாம்பல் நிறப் பட்டி தடவி வைத்திருந்தார்கள். கண்ணில்லாமல் விபூதி பூசிப் படுத்திருக்கிற அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இது திரும்பவும் கார் ஆகுமா? தண்ணீரில் நனைத்த உப்புத்தாள் சரக் சரக் என்று தேய்க்கிற ஓசையில் என் நெஞ்சும் தேய்ந்தது. ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பாய்க்கு ஒரு ஈ என்றால் புலி. தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, "தும்முறவன் வெளிய போயிரு" என்று கத்துவார். பீடியைப் பார்த்தால் அடிக்கவே வருவார். வாழைப்பழ வாசனை என் சட்டையில், தலைமுடியில், நான் தின்ற சோற்றில்.

கடைசிப் பூச்சு மிச்சமிருந்த நாளில் வானம் கறுத்தது. பாய் வெளியே வந்து மூக்கை உயர்த்தினார். "காத்துல ஈரம் ஏறிருச்சுன்னா பெயிண்டு வெள்ளையா பூத்துரும் தம்பி. மறுபடி சொரண்டணும். மறுபடி காசு." அவர் சொல்லி வாய் மூடவில்லை, அந்தக் கடற்கரைச் சத்தம் காதில் விழ, குதிரைவண்டியில் ஆத்தா வந்து இறங்கினார். கையில் தந்தி. சின்னய்யா முன்கூட்டியே, மறுநாள் காலையிலேயே வருகிறார்.

"பூத்துருச்சாடா? பூத்துருச்சா?"

"இன்னும் அடிக்கவே இல்ல ஆத்தா."

ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாய் அடிக்கத் தொடங்கினார். கருநீலம் மூடுபனியாக எழுந்து இறங்கியது. ஆத்தா பொறுக்கமுடியாமல் விசிறியை எடுத்துக் காரை நோக்கி விசிற, "விசிறாதீக ஆத்தா, தூசி, தூசி!" என்று பாய் அலற, ஆத்தா விசிறியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரம்தான் எங்கள் ஊரில் மழை கேட்டு அய்யனாருக்கு மண்குதிரை எடுத்திருந்தார்கள். கண்மாய் வெடித்துக் கிடந்தது. என் அம்மா நெற்றி தரையில் படக் கும்பிட்டிருப்பாள். நான் கொட்டகைக்குப் பின்னால் கள்ளிச்செடியோரம் நின்று, அதே அய்யனாரிடம், இன்றைக்கு மட்டும் வேண்டாம் சாமி என்று கேட்டேன். இடி ஒன்று கீரனூர்ப் பக்கம் உருண்டது. இரண்டு சொட்டு என் தோளில் விழுந்தன, சுட்டன. பிறகு மேகம் யாருக்கோ கட்டுப்பட்டதுபோல் நகர்ந்து திருச்சிப் பக்கம் போய்விட்டது. பெயிண்ட் பூக்கவில்லை. எங்கள் கண்மாயும் நிறையவில்லை. என் வேண்டுதலுக்கு அவ்வளவு பலம் இருந்திருக்காது. இருந்தாலும் அதை அம்மாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் அந்தக் கார் நின்ற அழகை எப்படிச் சொல்ல? மழைக்கு முந்திய வானத்தில் ஒரு துண்டை வெட்டி நிறுத்தியதுபோல இருந்தது. ஜட்கா வண்டிக் குதிரைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. சின்னய்யா இறங்கி வந்தார். நின்றார். ஒரு சுற்றுச் சுற்றினார். விரலை நீட்டியவர் தொடாமல் மடக்கிக்கொண்டார். பிறகு ஸ்டீயரிங் பக்கத்துக் கதவுக்கு முன்னால், அதே கதவுக்கு முன்னால், குனிந்து பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். கழுத்தை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி.   அந்தக் கழுத்தை நான் எங்கேயோ பார்த்திருந்தேன்.

திதி முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோதுதான் பேச்சை எடுத்தார். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன்.

"காரை நல்லா வச்சிருக்கீங்கம்மா. மதுரைல என் சிநேகிதர் ஒருத்தர் இருக்காரு, பழைய காருன்னா உசுர விடுவாரு. இப்ப இருக்குற நெலமைக்கு நல்ல வெல குடுப்பாரு. அடுத்த வருஷம் இப்பிடி இருக்குமா?"

ஆத்தா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கார் ஒழுங்கா இருக்குற வரைக்கும் நான் இங்க இருக்கலாம்னு சொன்னியேப்பா."

"ஒழுங்காத்தாம்மா இருக்கப் போகுது. மதுரைல இருக்கும்."

பாயசம் இன்னும் வரவில்லை. ஆத்தா இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

அந்த வீடு இப்போது கல்யாண மண்டபம். வாடகை அண்டாக்கள் வருகின்றன, அலுமினியத்தில், யார் பெயரும் இல்லாமல். சையது பாய் கொட்டகை இருந்த இடம் எது என்று போனமுறை பஸ்ஸிலிருந்து தேடினேன். ரோடு அகலமாகி அதை விழுங்கிவிட்டது. அந்தக் கார் பிறகு என் கண்ணில் படவே இல்லை. மெட்ராஸ் மாடியில் ஆத்தா அதிக நாள் இருக்கவில்லை என்று கேள்வி. அம்மாவும் இல்லை, அவள் உலை வைத்த அடுப்பும் இல்லை. மயில்கள் மட்டும்தான் குறையவில்லை. மலையை விட்டு இறங்கி, வயல் வயலாகக் கடந்து, எங்கள் தெரு மதில் வரை வந்துவிட்டன. என் ஸ்கூட்டரை நான் துடைப்பதே கிடையாது. சோம்பேறித்தனம் என்கிறாள் மனைவி. அப்படியே இருக்கட்டும்.

எதிர்வீட்டில் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. சாத்திய ஜன்னலுக்குள்ளும் அந்த வாசனை நிற்கிறது, அன்றைக்குத் திருச்சி ஜங்ஷனில் என் சட்டையில் நின்றதுபோல. ஆத்தாவையும் சின்னய்யாவையும் மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டு, காரை மதுரையில் கொண்டுபோய் ஒப்படைப்பது என் கடைசி வேலை. சின்னய்யா பேப்பர் வாங்கப் போயிருந்தார். ஆத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணால் கூப்பிட்டார். கிட்டே போனேன். என் சட்டையை மோந்தவர்போல ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். கட்டின பல்லை மறைக்க மறந்திருந்தார்.

"மதுரைக்கு விராலிமலை வழியாத்தானடா போகணும்?"

"ஆமா ஆத்தா."

விசில் ஊதியது. கம்பியில் இருந்த விரல்கள் என்னை விட்டு மெல்ல நகர்ந்தன. நானும் கூடவே நடந்தேன்.

"அங்கன நிறுத்திறாத தம்பி. மயிலு பாத்துறப் போகுது."