நான்தான் அனுப்பினேன்

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் நடந்தது இது. நான் ஹெப்பகோடியில் குடியிருந்துகொண்டு, பக்கத்தில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையில் யாராவது கம்பெனி மாறினால், அடுத்த வாரமே பழைய ஆட்களின் ரெஸ்யூமைக் கேட்டு வாங்கிப் புது இடத்தில் கொடுப்பார்கள். எனக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான். அதனால் யார் கேட்டாலும் யோசிக்காமல் அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முன்பு என் பக்கத்து சீட்டில் இருந்த தோழி வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்தாள். "அக்கா, இங்க தமிழும் கன்னடமும் தெரிஞ்ச ஆளுங்க வேணும். ரெண்டு பேர் இருந்தா சொல்லுங்க" என்று மெசேஜ் அனுப்பினாள். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் கணவருக்கு அப்போது வேலை போயிருந்தது. அதனால் வேலை தேடிக்கொண்டிருந்த அவளுடைய ரெஸ்யூமை நானே டைப் செய்து அனுப்பினேன். பத்தே நாளில் டிக்கெட் வந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளைக் கட்டிக்கொண்டு அவள் அழுதபோது, "ஒரு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்" என்று தைரியம் சொல்லி விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனதும் நான்தான்.

உள்ளே போனவள் ஒரு மணி நேரத்தில் போன் செய்தாள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகிறாள் என்று குடியேற்ற அதிகாரிகள் தடுத்து, அங்கேயே உள்ள காவல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு வந்ததே கோபம்! நேராகப் போய், "இல்லாதவங்க பிழைக்கவே கூடாதா மேடம்?" என்று பெண் இன்ஸ்பெக்டரிடம் எகிறினேன்.

அவர் பொறுமையாக, "இவங்களை யாரும்மா அனுப்பினது?" என்று கேட்டார்.

"நான்தான்!" என்றேன், பரிசு வாங்க மேடை ஏறுகிறவளைப் போல.

"உக்காருங்க. வேலைன்னு ஏமாத்திக் கூட்டிப் போய், அடைச்சு வச்சு, மோசடி போன் பண்ண வைக்கறாங்க. அதுக்கு ஆள் சேக்கறதும் ஆள் கடத்தல்தான். ஏழு வருஷத்துக்குக் குறையாம ஜெயில். ஒருத்தருக்கு மேலன்னா பத்து வருஷத்துலேருந்து ஆயுள் வரைக்கும் போகும். நீங்க தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

"தெரியாமத்தான் மேடம்" என்றேன். போனை அப்படியே அவரிடம் நீட்டினேன். அவர் சொன்னபடி, இவள் விமானம் ஏறவில்லை என்று தோழிக்கு மெசேஜ் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"நல்லதுக்கா. இனிமே நானே கேட்டாலும் யாரையும் அனுப்பாதீங்க. ரெண்டு பேரைச் சேத்துவிட்டாத்தான் என்னை விடுவாங்களாம்."

நாங்கள் படித்து முடிப்பதற்கும் அவள் அதை அழிப்பதற்கும் சரியாக இருந்தது.

நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். எதிர்வீட்டுப் பெண் இப்போது பக்கத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். தோழியின் பெயரை இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். மீட்க வேண்டியவர்கள் பட்டியலிலா, குற்றவாளிகள் பட்டியலிலா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதன்பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

அவள் கேட்ட இரண்டாவது ஆளாக அனுப்ப, என் கூடப்பிறந்த தங்கையின் ரெஸ்யூமை அன்று காலையிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். சட்டம் என் தோழியை என்னவென்று சொல்லுமோ எனக்குத் தெரியாது. தன் விடுதலையை விட்டுக்கொடுத்து என் தங்கையைக் காப்பாற்றியவள் அவள் என்பது மட்டும் தெரியும்.