ஆரோக்கியசாமி அண்ணனும் வேனில் ஏற மறுத்த குள்ளியும்

செவ்வாய்க்கிழமை காலை மறைமலை நகர் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆரோக்கியசாமி அண்ணனின் மகள் ஸ்டெல்லா.

"அங்கிள், அப்பா தூக்கத்துலயே போய்ட்டாரு. சாயந்தரம் மண்ணூர்ல அடக்கம். வந்துடுங்க" என்றாள்.

வருகிறேன் என்றேன். எடை போட்ட கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே, ஒரகடம் போகும் சாலையில் டீசல் எஞ்சின் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவர் டிரைவர், நான் மெக்கானிக். ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் எஞ்சின்களைப் பழுதுபார்க்கக் கம்பெனி ஒரு வேன் வைத்திருந்தது. உள்ளே இரண்டு படுக்கைகள், ஸ்டவ், தண்ணீர் டிரம். கிளம்பினால் வாரக்கணக்கில் அதுதான் எங்களுக்கு வீடு. நான் குறட்டை விட்டால் என்னை எழுப்ப மாட்டார். பாயை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வெளியில் படுத்துக்கொள்வார். கேட்டால், "உள்ள ஒரே புழுக்கமா இருந்துச்சுப்பா" என்பார். அவ்வளவு மென்மையானவர்.

1991இல் எங்கள் கேட்டில் குட்டைக் கால்களோடு ஒரு பெட்டை நாய் இருந்தது. குள்ளி என்று கூப்பிடுவோம். அண்ணன் தன் சாப்பாட்டில் பாதியை அதற்கு வைப்பார். அந்த வருடம் பம்பாயிலிருந்து பெரிய அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று, கேட்டருகே திரிந்த நாய்களைப் பிடித்துத் தொலைவில் விட லாரி ஒன்று வந்தது. மற்ற நாய்கள் சிக்கின. குள்ளி மட்டும் புதருக்குள் புகுந்துகொண்டது. சூப்பர்வைசர் அண்ணனிடம், "நீ கூப்ட்டா வரும்யா. கூப்டு" என்றார்.

அண்ணன் கூப்பிட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. இரு கைகளாலும் தூக்கினார். அவர் மோவாயை அது நக்கியது. அப்படியே, கூட வேலை பார்த்த ஒருவர் திறந்து பிடித்திருந்த லாரிக் கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். லாரி புறப்பட்டதும் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே நின்றார்.

பாலாற்றுக்கு அப்பால் விட்டதாகச் சொன்னார்கள். சில வாரங்களில் குள்ளி திரும்பி வந்துவிட்டது. ஒரு காது கிழிந்திருந்தது, பின்னங்கால் நொண்டியது. அண்ணனைப் பார்த்ததும் வால் ஆடியதுதான் கொடுமை. ஆனால் அவர் இரு கைகளையும் நீட்டினால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வண்டி எதையும் நெருங்காது.

"திட்டிட்டுப் போனாக்கூடப் பரவால்லபா. வால ஆட்டுது பாரு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கிறதுன்னே தெரியல" என்றார்.

மீண்டும் லாரி வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. அண்ணனின் மண்ணூர் வீட்டில் கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்துவிட்டுக் கேட்டுக்கே ஓடிவந்தது. வெளியூர் வேலைக்குப் போகும்போது நம்மோடு கூட்டிப்போவோம் என்றார் அண்ணன்.

"தூக்கி உள்ள போடுண்ணா. ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

"நம்பி வந்தத ஒருவாட்டி தூக்கிப் போட்டவன் நான். இன்னொருவாட்டி இந்தக் கை அதைத் தூக்காது. அதுவா ஏறணும்."

அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் வேனை வேப்பமர நிழலில் நிறுத்துவார். எஞ்சினை அணைத்து, இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து வைப்பார், உள்ளே போனால் வெளியே வர வழி இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். முதலில் சோற்றைச் சக்கரத்தருகே வைத்தார். பிறகு படியில். குட்டைக் காலுக்கு எட்டவில்லை என்று பலகையைச் சரிவாகச் சாய்த்து, வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்தார். தான் உள்ளே உட்கார்ந்து அதைப் பார்க்காமல் சாப்பிடுவார். அது முன்னங்கால்களை வைக்கும். எங்காவது ஒரு ஹாரன் கேட்டால் ஓடிவிடும். அவர் மறுபடி படியிலிருந்து ஆரம்பிப்பார்.

"இன்னா டிரைவரே, நாய்க்கு லைசென்ஸ் வாங்கித் தரப்போறியா?" என்று கேன்டீனில் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

மதுராந்தகம் பக்கம் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. அன்றும் குள்ளி பலகையில் முன்னங்கால்களை மட்டும்தான் வைத்தது. அண்ணன் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"நீ மெதுவா ஓட்டிக்கினு வா. கதவு தொறந்தே இருக்கட்டும். நான் இதோட நடக்கிறேன்."

நடந்தார். குள்ளி அவர் பின்னால் நொண்டிக்கொண்டே போனது. ஏரிக்கரையோரம் எதிரே வந்த பஸ்ஸிலிருந்து யாரோ, "வண்டி ரிப்பேரா பெர்சு?" என்று கத்தினார்கள். வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஒரகடத்துக்கு வெகு முன்பே குள்ளி நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்துவிட்டது. வேனை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அண்ணன் பலகையைச் சாய்த்துவிட்டு, படியோரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துச் சாக்கில் நகம் உரசும் சத்தம் கேட்டது. குள்ளி அவரைத் தாண்டி உள்ளே போய்ப் படுக்கைக்குக் கீழே சுருண்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"மன்னிச்சிடுச்சுண்ணா" என்றேன்.

"அதெல்லாம் இல்லபா. கால் வலிச்சுது, ஏறிச்சு" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் குள்ளி சாகும்வரை எங்களோடு பல ஊர் சுற்றியது. கடைசிவரை அண்ணன் இரு கைகளை ஒன்றாக நீட்டினால் ஓர் அடி பின்வாங்கும். அவரும் ஒற்றைக் கையாலேயே சோறு வைக்கப் பழகிக்கொண்டார். யாராவது அவரை நாய்ப்பிரியர் என்று புகழ்ந்தால், எழுந்து அப்பால் போய்விடுவார்.

அடக்கத்தின்போது ஃபாதர் என்னைப் பேசச் சொன்னார். போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது அண்ணன் சொன்னது அப்போதும் காதில் இருந்தது. "நான் போனப்புறம் உன்னப் பேசச் சொல்வாங்க. குள்ளிய வேன்ல ஏத்துனத மட்டும் சொல்லி என்னப் பெரிய ஆளாக்கிடாத. லாரில போட்டதயும் சொல்லு. அதான் நான்."

சொன்னேன். அவர் நாயோடு சாலையில் நடந்த இடத்தில் பழைய ஆட்கள் சிரித்தார்கள். மோவாயை நக்கிய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. வயதான ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அன்று லாரியின் கூண்டுக் கதவைத் திறந்து பிடித்திருந்தவர் அவர்தான். குழியருகே வந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். போட மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஆரோக்கியம், நானுந்தான்யா" என்றார். பிறகுதான் அந்த மண் விழுந்தது.

போய் வாருங்கள் அண்ணா. நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.