மஞ்சள் பூசிய சங்கிலிகள்

கடலூரில், ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் எனக்கு உள்தணிக்கை வேலை. கிளைக்குக் கிளை போய், அடகு வைத்த நகைப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்ப்பேன். போகிற இடமெல்லாம் டீ வரும், சிரிப்பு வராது. அது பழகிவிட்டது. எங்கள் சிதம்பரம் கிளையில் நகையை உரசிப் பார்த்து மதிப்புப் போடுகிறவர் என் தங்கையின் கணவர்.

அவர் லீவே எடுக்காதவர். காய்ச்சல் வந்தாலும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதற்காக ஆண்டு விழாவில் சால்வை போர்த்தினார்கள், நானும் கை தட்டினேன். எல்லோரும் வருடத்தில் ஒரு வாரம் கட்டாயம் லீவில் போக வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த வாரம் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால், மூடி வைத்தது ஏதாவது இருந்தால் வெளியே வரும். சிதம்பரத்தில் மட்டும் அதை யாரும் வற்புறுத்தவில்லை. தணிக்கைக்குப் போனவர்களுக்கு நகையை உரசிக் காட்டியதும் அவர்தான்.

லீவு கேட்டது என் தங்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பிடித்துக்கொண்டாள்.

“பசங்க எங்கியுமே போனதில்லண்ணா. இவரு ஒரு நாளு லீவு போட மாட்றாரு. உங்க ஆபீஸ்ல சொல்லி நீயே குடுக்க வையி.”

சொன்னேன். ஆணை போனது. உடனே அவர் கூப்பிட்டார்.

“எதுக்கு மச்சான் இதெல்லாம்? இப்பப் பாத்து கூட்டம் ஜாஸ்தி.”

“ஒரு வாரந்தான மாப்ள, ஏற்காடு போயிட்டு வாங்க” என்றேன்.

அவர்கள் கிளம்பிய மறுநாள் சிதம்பரம் கிளைத் தணிக்கைக்குப் போனேன். உறவுக்காரர் இருக்கிற கிளை என்று மேலாளரிடம் முன்பே சொல்லியிருந்தேன். வேறு ஆள் இல்லை, விருத்தாசலத்து மதிப்பீட்டாளரைக் கூட அனுப்புகிறேன், போ என்றார்.

தாலிச் சங்கிலியை அடகு வைக்கிற பெண்கள், வீட்டிலேயே தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு வெறும் சங்கிலியைத்தான் கொண்டுவருவார்கள். தினமும் மஞ்சள் பூசிக் குளித்த கழுத்தில் கிடந்தது என்பதால் கண்ணிகளில் மஞ்சள் படிந்திருக்கும். முதலில் பிரித்தவை அப்படித்தான் இருந்தன. அப்பாடா என்றிருந்தது. அடுத்தது ஓர் ஆண் வைத்த மைனர் செயின். அதிலும் மஞ்சள். அதற்கடுத்து, ஒரு கிறிஸ்தவ டீச்சர் வைத்த சிலுவைச் செயின். அதிலும் மஞ்சள்.

கூட வந்தவர் அதை அரத்தால் லேசாக ராவினார். உள்ளே செம்பு தெரிந்தது.

“கவரிங் சார்” என்றார்.

சிதம்பரத்தில் தடுக்கி விழுந்தால் கவரிங் கடை. தங்கை கணவர் அசலை எடுத்துக்கொண்டு அதே மாதிரி கவரிங்கை வைத்து, புதுசாக மின்னாமல் இருக்க எல்லாவற்றுக்கும் மஞ்சள் தேய்த்திருக்கிறார். யார் கழுத்துச் சங்கிலி என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. முன்பு பிரித்தவற்றையும் ராவிப் பார்த்தோம். அவற்றிலும் பாதி செம்பு.

அந்த நேரத்தில் போனில் ஒரு படம் வந்தது. ஏற்காடு ஏரியில் படகு, தங்கை, பிள்ளைகள், ஓரமாக அவர். “தேங்க்ஸ்ண்ணா” என்று எழுதியிருந்தாள். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பதிலுக்கு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு அடுத்த பொட்டலத்தை எடுத்தேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அவர்கள் ஊர் திரும்பிய அன்றே போலீஸ் அவரை அழைத்துப் போனது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. அம்மா வழக்கம்போல சோறு போட்டாள். தங்கை போன் செய்வதை விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து, நிறுவனத்திடம் இருந்த அவருடைய சான்றிதழ்களைத் திரும்பக் கேட்டு ஒரு மனுவோடு கடலூர் ஆபீசுக்கு வந்தாள். வரவேற்பில் ஆள் இல்லாததால் நானே வெளியே போக வேண்டியிருந்தது. இளைத்திருந்தாள்.

“சாப்ட்டியா?” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

“இத யாருகிட்ட குடுக்கணும் சார்?”

“உள்ள, ரெண்டாவது டேபிள்ல குடுங்க” என்றேன்.