எதிராளிக்கான கட்டம்

வெங்கடரமணனும் ஜெயலக்ஷ்மியும் அமெரிக்காவுக்குக் கிளம்பியது தொண்ணூற்றேழாம் வருஷம் மே மாதத்தில் ஒரு புதன்கிழமை. பம்பாய் விமானத்தைப் பிடிக்க மயிலாப்பூர் வீட்டை விட்டு இறங்கவேண்டிய நேரம் சரியாக ராகுகாலத்தில் விழுந்தது. அதனால் ஜெயலக்ஷ்மி காலையிலேயே நல்ல நேரம் பார்த்து, ஒரு புடவையும் குங்குமச் சிமிழும் வைத்த சின்னப் பையைக் கீழ்வீட்டில் கொண்டுபோய்ப் பரஸ்தானம் வைத்துவிட்டு வந்தாள். பை நல்ல நேரத்தில் வெளியே போய்விட்டால் பயணமும் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் ஆள் எப்போது இறங்கினாலும் பாதகமில்லை.

கீழ்வீட்டுப் பெண் ஸஹானா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். டாக்ஸி வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மாமி, இது காலம்பறவே அமெரிக்கா போயாச்சு. நீங்கதான் லேட்டு."

வெங்கடரமணன் பெட்டிகளின் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். இருவருக்கும் வெளிநாட்டு மருத்துவ இன்ஷூரன்ஸ், பெட்டிகளுக்குத் தனி இன்ஷூரன்ஸ், எல்லாவற்றுக்கும் நகல், நகல்கள் இரண்டு பெட்டியிலும்.

"மாமா, இன்ஷூர் பண்ணாத சாமான் ஏதாவது பாக்கி இருக்கா?"

"உன் வாய் ஒண்ணுதான். அதுக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தரமாட்டான்."

டாக்ஸி சித்திரக்குளத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

வெங்கடரமணன் அதற்கு முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். தி.நகரில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை அலுவலகம், அதில் மோட்டார் பிரிவு. இடிபட்ட கார்களையும் லாரிகளையும் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்து, எது விபத்தில் போனது, எது முன்பே போயிருந்தது என்று பிரித்துச் சொல்வதில் அவருக்கு நல்ல பெயர். பெரிய படிப்பு, பெரிய பதவி எதுவும் இல்லை. ஆனால் வண்டி வாங்கினவன், வண்டியை இடித்தவன், ஏஜென்ட் சொன்னது புரியாதவன் என்று யாராவது ஒருவர் அவரைத் தேடி வந்துகொண்டே இருப்பார்கள். காய்கறி வாங்கப் போனால் லஸ் முனையில் நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள். "ஏன்னா, நீங்கோ கத்திரிக்காய் வாங்கப் போனேளா, ஆபீஸ் போனேளா?" என்பாள் ஜெயலக்ஷ்மி. அவர் சிரித்துக்கொள்வார். கேட்பதற்கு ஆள் வருவது அவருக்குப் பிடித்திருந்தது. ஒரே பிள்ளை அச்யுத் மட்டும் சின்ன வயதிலிருந்தே அவரிடம் எதையும் கேட்டதில்லை. கணக்கோ கம்ப்யூட்டரோ, அவனே பார்த்துக்கொள்வான்.

அச்யுத் நியூஜெர்ஸியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். சொந்தக் கார் கிடையாது. பெற்றோர் வந்த மூன்றாம் வாரம், ஊரிலிருந்து வருகிற எல்லோரையும் போல இவர்களையும் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போக ஒரு காரை வாடகைக்கு எடுத்தான். கவுண்டரில் இருந்த பெண் ஒரு காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் இன்ஷூரன்ஸுக்கு நான்கு கட்டங்கள். காருக்கு ஒன்று, எதிராளிக்கு ஒன்று, காருக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று, சாமான்களுக்கு ஒன்று. வேண்டும் என்றால் ஒரு பக்கம், வேண்டாம் என்றால் இன்னொரு பக்கம் கையெழுத்துப் போடவேண்டும்.

அச்யுத் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினான்.

"நீயே சொல்லுப்பா. உன் சப்ஜெக்ட்."

வெங்கடரமணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காகிதத்தை எடுத்துக்கொண்டுபோய் வெளிச்சம் விழும் இடத்தில் நின்று படித்தார். பின்னால் வரிசை சேர்ந்தது. ஜெயலக்ஷ்மி பிள்ளையின் காதருகே, "இனிமே கோயில் நடை சாத்தினப்புறம்தான் போய்ச் சேருவோம்" என்றாள். அவருக்கு அது காதில் விழுந்தும் ரோசம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

"காருக்குக் கட்டாயம் எடுத்துக்கோ. வாடகை வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பான். உள்ள இருக்கறவாளுக்கு வேண்டாம், நான் மெட்ராஸ்லயே எடுத்துண்டு வந்திருக்கேன். சாமானுக்கும் வேண்டாம். தயிர் சாதத்தை எவன் திருடப்போறான்?"

"எதிராளிக்கு?"

"அது தேர்ட் பார்ட்டிடா. சட்டப்படி வண்டியோடயே இருக்கும். அது இல்லாம எந்த ஊர்லயாவது வண்டியை ரோட்டுல விடுவானா?"

"ஆபீஸ்ல ஒருத்தன் அதையும் எடுத்துக்கச் சொன்னான்."

"அப்ப அவனையே கேட்டுக்கோ. நான் எதுக்கு?"

அச்யுத் சிரித்தான். எதிராளிக்கான கட்டத்தில் வேண்டாம் என்ற பக்கம் கையெழுத்துப் போட்டான். கவுண்டர் பெண் ஒரு தடவை, நிச்சயமாகவா என்று கேட்டாள். இவர்கள் பிழைப்பே அப்படிக் கேட்பதுதான் என்றார் வெங்கடரமணன் தமிழில்.

நம்மூர் வழக்கத்தில் அவர் சொன்னது சரி. தேர்ட் பார்ட்டி என்பது வண்டியோடு கூடப் பிறந்தது. அடிபட்டவருக்குக் கோர்ட் எவ்வளவு விதித்தாலும் கம்பெனி கொடுத்தாகவேண்டும், உச்சவரம்பு கிடையாது. மோட்டார் பிரிவில் யாரும் அதைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார்கள். யோசனையெல்லாம் சொந்த வண்டிக்கு எடுப்பதா வேண்டாமா என்பதில்தான். அமெரிக்காவிலும் சட்டப்படி உண்டுதான். ஆனால் அந்தச் சட்டம் கேட்பது பேருக்குக் கொஞ்சம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாக எடுத்துக்கொள்ளவேண்டும். 'அதற்கு மேல்' என்று அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டும் இருந்தது. வெளிச்சத்தில் நின்று அவர் படித்த வரிகளில் அதுவும் ஒன்று.

பெருமாள் தரிசனம் நன்றாகவே கிடைத்தது. கோயில் சமையலறையில் கொடுத்த புளியோதரையை ஜெயலக்ஷ்மி இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியில் காபிக்காகப் பெரிய சாலையை விட்டு ஒரு சின்ன ஊருக்குள் போனார்கள். தூறிக்கொண்டிருந்தது. ஒரு சந்திப்பில் அச்யுத் இடது பக்கம் திருப்பினான். நம்மூரில் இடது பக்கம் திரும்ப யாரையும் பார்க்கவேண்டாம். அங்கே இடதுதான் எதிர்வண்டியைத் தாண்டிப் போகிற பக்கம். அவனுக்கு அது தெரியும், அங்கே வண்டி ஓட்டிப் பழகினவன்தான். அந்த ஒரு தடவை பார்க்கவில்லை.

எதிரே வந்தது ஒரு சின்ன நீலக் கார்.

ஜெயலக்ஷ்மிக்கு மணிக்கட்டில் அடி. அச்யுத்துக்கு ஒன்றும் இல்லை. வெங்கடரமணன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நின்றார். முன் பம்பர், ரேடியேட்டர், வலது மட்கார்டு, பானெட்டை மாற்றியாகவேண்டும், சேஸிஸ் தப்பித்தது என்று அவர் கண் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போயிற்று. நீலக் காரையும் அப்படித்தான் பார்த்தது. அதன் ஓட்டுநர் பக்கத்துக் கதவு உள்ளே மடிந்திருந்தது, அதைத் தகடு வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று நினைத்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். அவர் சத்தம் போடவில்லை. இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளின் பெயர் டோரதி என்பது மறுநாள் போலீஸ் சொல்லித்தான் தெரிந்தது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மறுபடி நடப்பாரா என்று சொல்வதற்கில்லை என்றார்கள்.

வெங்கடரமணன் தேர்ந்தெடுத்ததெல்லாம் சொன்னபடி வேலை செய்தது. வாடகைக் கம்பெனி காரின் சேதத்துக்கு எதுவும் கேட்கவில்லை. ஜெயலக்ஷ்மியின் மணிக்கட்டுக்கு மெட்ராஸ் பாலிசி கொடுத்தது. தயிர் சாத டப்பாவைக்கூட யாரோ பத்திரமாக எடுத்துக் கொடுத்தார்கள். டோரதியின் ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் சட்டம் கேட்ட கொஞ்சத்தைச் சில நாட்களிலேயே தாண்டிவிட்டது. மீதிக்கு அச்யுத் மேல் வழக்கு வந்தது. அந்தக் காகிதத்தின் நகலை வக்கீல் மேஜையில் வைத்தபோது, வேண்டாம் என்ற பக்கத்தில் அச்யுத்தின் கையெழுத்து அழகாக இருந்தது.

ஊருக்குத் திரும்பும் நாளன்று அச்யுத் கூடவே வந்து வழியனுப்பினான். விமான நிலையத்தில் இருவர் காலிலும் விழுந்து நமஸ்காரம் பண்ணினான். "மாத்திரையெல்லாம் கைப்பையில இருக்காப்பா?" என்று கேட்டான். வெங்கடரமணன் இருக்கிறது என்றார். அதுதான் அவன் அவரிடம் கடைசியாகக் கேட்டது.

மயிலாப்பூருக்குத் திரும்பியபின் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். ஜெயலக்ஷ்மி எடுப்பாள். அவர் எதிரே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"சாப்பிட்டியா? ... சனிக்கிழமை கூடவா வேலை? ... அந்தம்மா எப்படி இருக்காளாம்? ... இன்னும் படுக்கைலதானா? ... அப்பாகிட்ட குடுக்கட்டுமா?"

பிறகு அவள் ரிசீவரை மெதுவாக வைப்பாள்.

"போன் கார்டு தீந்துபோச்சாம்."

"சரி."

"ஏன்னா, அவன் உங்களைக் குத்தம் சொல்லலை."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

வாராவாரம் கார்டு தீர்ந்தது. தனக்கு அழுகையோ கோபமோ வரும் என்று வெங்கடரமணன் முதலில் எதிர்பார்த்தார். எதுவும் வரவில்லை. காபி சூடாக இருக்கிறதா என்று ஜெயலக்ஷ்மி கேட்டால் இன்னொரு வாய் குடித்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.

பட்டினப்பாக்கத்து ஆட்டோக்காரர் சேட்டு வருஷா வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்முன் இவரைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். அந்த வருஷமும் வந்தார். வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டைப் பையிலிருந்து மடித்த பழைய பாலிசியை எடுத்து நீட்டினார்.

"சார், வண்டி பழசாயிடுச்சு. ஃபுல் கட்றதா, தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா? நீ இன்னா சொல்றியோ அதான்."

வெங்கடரமணன் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏஜென்ட்டைக் கேளுங்கோ."

"ஏஜென்ட்டா? அவன் பையன் கண்ணாலத்துக்குப் பணம் சேத்துக்கினு கீறான் சார், எல்லாத்தையும் எட்துக்கோன்னுவான். இத்தினி வருஷம் உன்னாண்டதான கேட்டுக்கினு கீறேன்?"

"எனக்குத் தெரியாது, சேட்டு."

சேட்டு பாலிசியை மறுபடி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா இது, அமெரிக்காவுக்குப் போயி சார் வாயை அங்கியே வுட்டுட்டு வந்துட்டாரா?"

ஜெயலக்ஷ்மி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சேட்டு குடித்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் வரவில்லை. லஸ் முனையிலும் மெதுவாகக் கேட்பவர்கள் குறைந்தார்கள். கத்திரிக்காய் சீக்கிரம் வீட்டுக்கு வந்தது.

கபாலி கோயிலில் ஜெயலக்ஷ்மி ஒவ்வொரு மாதமும் ஓர் அர்ச்சனை செய்தாள். முதல் தடவை அவரும் கூடப் போயிருந்தார்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"டோரதி."

குருக்கள் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"நக்ஷத்ரம்?"

"தெரியாது."

"உங்களுக்கு என்ன வேணும் அவா?"

ஜெயலக்ஷ்மி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தீபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவா," என்றாள். "எழுந்து நடக்கணும்னு பண்ணுங்கோ."

குருக்கள் டோரதி நாமதேயம் என்று சொல்லித் தேங்காயை உடைத்தார். பிறகு வந்த மாதங்களில் அவருக்கே பெயர் பழகிவிட்டது. கேட்காமலே சொன்னார்.

தொண்ணூற்றொன்பது முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் ஸஹானா மாடிக்கு வந்தாள். இப்போது அவள் அடையாறில் வேலைக்குப் போகிறாள், அலுவலகத்தில் ஈமெயில் உண்டு. அந்த விலாசத்தை ஜெயலக்ஷ்மி எப்போதோ அச்யுத்திடம் சொல்லியிருந்தாள். ஸஹானா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"மாமி, அச்யுத் மெயில் பண்ணிருக்கான்."

ஜெயலக்ஷ்மி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கில்லை மாமி. மாமாவுக்கு."

வெங்கடரமணன் நாற்காலியில் இருந்தார். எழுந்திருக்கவில்லை. ஸஹானாவே பக்கத்தில் போய்க் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஜெயலக்ஷ்மி அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, தான் படிக்காமல் தள்ளி நின்றாள். அவர் ஜன்னல் பக்கம் காகிதத்தைத் திருப்பிக்கொண்டார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படிக்கவேண்டியிருந்தது.

"அப்பா, போன செவ்வாய்க்கிழமை கேஸ் முடிஞ்சுபோச்சு. ரெண்டு பேருமா ஒரு தொகைக்கு ஒத்துண்டுட்டோம். நான் கொஞ்சம் கொஞ்சமா கட்டி முடிச்சுடுவேன், நீ கவலைப்படவேண்டாம். டோரதி வந்திருந்தா. கையில தடி இருக்கு, ஆனா நடக்கறா. வெளில வந்து பாத்தா அவளே காரை ஓட்டிண்டு போறா. என்னைப் பாத்துக் கையைத் தூக்கினா. சனிக்கிழமை நான் பிட்ஸ்பர்க் போறேன். அந்த ஆக்ஸிடென்ட்டுக்கு அப்புறம் இப்பத்தான் முதல் தடவை கார் வாடகைக்கு எடுக்கறேன். கவுண்டர்ல அதே நாலு கட்டம் இருக்கும். எதுக்கெல்லாம் வேணும்னு போடட்டும்? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுப்பா."